கண் கேம்ப்புக்குக் கொடுக்கிறோம். கண் ஆராய்ச்சிக்கு எப்படிக் கொடுப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுப் பெரியவர் காலமாகி ஒரு வருடம் ஆனால், திதி முடிந்த கையோடு ஏதாவது தர்மம் செய்யணும் என்று பிள்ளைகள் நினைப்பது வழக்கம். அன்னதானம் போடுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வாங்கித் தருவார்கள். இப்போது அதிகம் நடப்பது கண் கேம்ப். கல்யாண மண்டபத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, புரை முற்றியவர்களை வேனில் அழைத்துப் போய், ஆபரேஷன் முடித்துக் கறுப்புக் கண்ணாடியோடு திருப்பி அனுப்புவார்கள். நூறு பேருக்குச் செய்தோம் என்று எண்ணிச் சொல்லலாம். நல்ல காரியம், மறுபேச்சே இல்லை.

அதே வரிசையில் நின்றும் வேனில் ஏறாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. "புரை இல்லைங்கம்மா, உள்ள நரம்பு வீக்கா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க" என்று சொல்லி ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள். இந்த "நரம்பு வீக்" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கின்றன: சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு, கண் அழுத்த நோய், வயது காரணமாக மாக்குலா தேய்வது. நான் எழுத வந்தது மூன்றாவதைப் பற்றியும், அதற்கான ஆராய்ச்சிக்கு நம் மாதிரி ஆட்கள் பணம் கொடுப்பதைப் பற்றியும்.

மாக்குலா என்பது விழித்திரையின் நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு உள்ள ஓர் இடம். ஐந்தரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். முகம் அடையாளம் தெரிவது, எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்த இடத்தால்தான். அது தேய்ந்தால் ஆள் முழுக் குருடாக மாட்டார், ஓரப்பார்வை நிற்கும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் பிடிபடுவதில்லை. தெருவில் தடியில்லாமல் நடக்கிற பாட்டிக்கு, எதிரே வருவது மகனா பக்கத்து வீட்டுக்காரரா என்று குரல் கேட்டால்தான் தெரியும். பட்டுக்கூட்டில் கறை பிடித்ததைப் பிரித்துப் போட முடியாது. கேழ்வரகில் கல் பொறுக்க முடியாது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைத்தாளில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வரைந்து, 5 மி.மீ.க்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். 400 கட்டம் வரும். நடுவில் ஒரு புள்ளி. இதற்கு ஆம்ஸ்லர் கட்டம் என்று பெயர். பெரியவர் படிக்கப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் புள்ளியையே பார்க்கணும். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ, ஏதாவது ஓர் இடத்தில் கட்டம் காணாமல் போனாலோ அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு; நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். தாள் இல்லாத இடத்தில் நிலைப்படியின் ஓரத்தையோ ஜன்னல் கம்பியையோ பார்க்கச் சொல்லலாம்.

இந்த நோயில் ஈரவகை (விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசிவது), உலர்வகை (மெல்ல மெல்லத் தேய்வது) என்று இரண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு உலர்வகைதான். ஈரவகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. உலர்வகை முற்றிய நிலைக்கு அமெரிக்காவில் 2023-ல் இரண்டு ஊசிகளுக்கு அனுமதி கிடைத்தது. அவை தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர, போன பார்வையைத் திருப்பித் தராது. ஆக, கேம்ப்பில் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டிக்குக் கொடுக்க நம் கையில் இன்றைக்கு இருப்பது கொஞ்சம்தான். அதைக் கூட்டுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு மடங்காத நோவும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன. பல்லைத் தேய்த்துவிட்டுத் தீர்க்க முடியுமா? போர் தண்ணீரை ஆய்வகத்தில் வைத்து ஃப்ளூரைடு எவ்வளவு என்று யாரோ அளந்தார்கள். காரணம் தெரிந்த பிறகுதான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தண்ணீர் திறந்தார்கள். அளந்தது முதல் வேலை, குழாய் பதித்தது அடுத்த வேலை.

நாம் பணம் கொடுக்கும் புரை ஆபரேஷனுக்கும் இதே கதைதான். 1990-கள் வரை புரையை எடுத்துவிட்டுக் கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதே கேம்ப்புகளின் வழக்கம். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது கூட்டம் மிகுந்த ஆஸ்பத்திரியில் பத்திரமாக நடக்குமா, கண்ணாடியைவிட உண்மையிலேயே மேலா என்பதை, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மதுரையில் ஆய்வு செய்து பார்த்தார்கள். லென்ஸ்தான் மேல் என்று நிரூபணமானது. வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுபடியாகாது என்பதால், தர்ம அமைப்புகளின் உதவியோடு 1992-லேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தது. அன்று அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு கண்ணைக்கூடத் திறந்து காட்டியிருக்க முடியாது. இன்று காரிமங்கலத்தில் கேம்ப் நடத்துபவர் நூறு என்று எண்ணுவது அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான்.

தர்மப் பணம் நேராகக் கண் ஆராய்ச்சிக்கு வந்ததற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஹென்றி வெல்கம் என்ற மருந்து வியாபாரியின் உயிலால் 1936-ல் உருவானது லண்டனின் வெல்கம் அறக்கட்டளை. அதன் பணத்தில்தான் வட இந்தியாவில் ஒரு பகுதியிலும் தெற்கே புதுச்சேரிப் பக்கத்திலும் 60 வயது கடந்தவர்களை எடுத்து 'இண்ட்-ஐ' (INDEYE) ஆய்வு நடந்தது. மாக்குலா நோயின் முற்றிய நிலை நூறில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இருப்பது தெரிந்தது. கூடவே வந்த இன்னொரு விவரம்: தெற்கே பரிசோதித்த முதியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, வடக்கே நான்கில் மூன்று பேருக்கு, ரத்தத்தில் வைட்டமின் சி பற்றாக்குறை. ரத்தத்தில் வைட்டமின் சி கூடுதலாக இருந்தவர்களுக்குப் புரை குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. நெல்லிக்காயும் கொய்யாவும் விளைகிற நாட்டில் இது யாருக்கும் தோன்றியிராது. வீடு வீடாகப் போய் ஆட்களைச் சேர்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

மருந்துக் கம்பெனிகள் செய்யட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார்கள்தான், லாபம் வருகிற கேள்விகளை. லாபம் வராத கேள்வியை யார் கேட்பது? ஈரவகைக்கு ராணிபிசுமாப் என்ற ஊசி 2006-ல் அமெரிக்காவில் வந்தது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 டாலர். குடல் புற்றுநோய்க்கு 2004-லேயே வந்திருந்த பெவாசிசுமாப் என்ற மருந்தை டாக்டர்கள் சிறு அளவில் கண்ணில் போட்டுப் பார்த்தார்கள். செலவு 50 டாலர் பக்கம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க எந்தக் கம்பெனிக்கு ஆர்வம் வரும்? அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் போட்டு, 1,208 நோயாளிகளை வைத்து நடத்தியது. 2011-ல் முடிவு வந்தது: ஒரே கால இடைவெளியில் போட்டால் பார்வையில் இரண்டும் சமம். இன்று நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் கண்ணில் போட்டுக்கொள்ளும் விலை குறைந்த ஊசிக்குப் பின்னால் இப்படிப் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன.

அந்த ஊசியின் அளவைச் சொன்னால்தான் அதிலுள்ள சிக்கலும் புரியும். கண்ணுக்குள் போவது 0.05 மில்லி, சொட்டு மருந்தின் ஒரு சொட்டு. பெவாசிசுமாப் குப்பி வருவது 4 மில்லியாக. அதைச் சுத்தமான அறையில் பலருக்குப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கிருமி கலந்தால் ஒரே நாளில் பல கண்கள் சீழ் பிடிக்கும். மலிவாகவும் பத்திரமாகவும் பிரிப்பது எப்படி, மாதா மாதம் போடாமல் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்பதெல்லாம் எந்தக் கம்பெனியும் அவசரப்படாத கேள்விகள். நன்கொடைப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எதற்குக் கொடுப்பது?

மிஷின் வாங்கிக் கொடுத்துப் பெயர்ப் பலகை வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஓ.சி.டி. ஸ்கேன் மிஷின் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும்; ஆராய்ச்சிக்கு அவசியம். ஆனால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், அதை இயக்குகிற டெக்னீஷியன் சம்பளத்துக்கும் வழி செய்யாமல் மிஷினை மட்டும் கொடுத்தால், வாரண்டி முடிந்த மறு வருடம் அது துணி போர்த்தி நிற்கும். ரத்த மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் ஃப்ரீசரும் அப்படித்தான். ஒரே ஒரு இரவு கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் பல வருட மாதிரிகள் பாழ். ஆகவே கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்குங்கள், அல்லது மிஷினே வேண்டாம், ஆளுக்குக் கொடுங்கள்.

ஆள் என்றால் ஆராய்ச்சி மாணவர். 2023 ஜனவரி முதல் மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. இரண்டு வருடமும் மூன்று வருடமும் கூட்டினால் வீட்டு வாடகைப்படி இல்லாமல் சரியாக 24 லட்சம். ஒரு முனைவர் பட்டம், அதாவது ஒரு கேள்விக்கு ஒரு பதில், இந்த விலை. தனி ஒரு குடும்பத்துக்கு அதிகம். ஓசூரில் நான்கு தொழிலதிபர்கள் சேர்ந்தாலோ, ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் இருநூறு பேர் சேர்ந்தாலோ முடியாதது இல்லை.

மூலநிதி வைத்து வட்டியில் நடத்தலாமே என்பார்கள். 10 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 70,000, ஜே.ஆர்.எஃப். ஒருவருக்கு இரண்டு மாதத்துக்குக்கூடப் போதாது. மூலநிதி கோயில் விளக்குக்கு ஒத்து வரும், ஆய்வாளர் சம்பளத்துக்கு ஒத்து வராது.

ஒன்றிரண்டு லட்சம் கொடுக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நோயாளிகள் திரும்பத் திரும்ப வந்து போகிற செலவுக்குக் கொடுங்கள். மாக்குலா ஆய்வு ஒரு நாளில் முடிவதில்லை. ஒருவரைச் சேர்த்தால் மூன்று, ஐந்து வருடம் ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்க்கணும். ஏரியூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ 70 வயதுப் பாட்டி இரண்டு மூன்று பஸ் மாறிச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். பஸ் செலவு நமக்குப் பெரிதாகத் தெரியாது; துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போகிறது. கண்ணில் மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிப்பதால் பாட்டி தனியாகவும் திரும்ப முடியாது. மாங்காய் சீசனிலும் தக்காளி அறுப்பிலும் தேதி கொடுத்தால் நிச்சயம் வர மாட்டார்கள். 300 பேரைச் சேர்த்த ஆய்வில் மூன்றாம் வருடம் 180 பேர் மட்டும் மிஞ்சினால் அந்த முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணிக்கை குறைவதால் மட்டும் இல்லை. நின்றுபோனவர்கள் பார்வை மோசமானதால் நின்றார்களா, நன்றாக இருந்ததால் நின்றார்களா என்றே தெரியாதே. நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் விட்டுப்போனாலே ஆய்வு ஆட்டம் காணும் என்பது துறையில் பொதுவான கணக்கு.

துணையாளுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சத்தில் 150 வருகை. 25 பேரை மூன்று வருடம் ஆறு தடவை வரவழைக்கலாம். இந்தப் பணத்தை நோயாளி கையில் நீங்கள் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஆசை காட்டி ஆய்வில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டு, ஆய்வுத் திட்டத்தில் எழுதி, அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது ஒப்புதல் படிவம். மாக்குலா போனவரிடம் பொடி எழுத்தில் எட்டுப் பக்கம் நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதலே இல்லை. தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்டினாலும் முழுதாகப் பிடிபடாமல் போகலாம். படிக்க முடியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரிய எழுத்துப் படிவத்துக்கும், மூன்று மொழி பேசும் ஒரு கள உதவியாளருக்கும் உங்கள் பணத்தில் இடம் இருக்கட்டும்.

கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரியை நடத்தும் அமைப்பின் பெயர் மெடிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன்; அதன் ஆராய்ச்சிப் பிரிவோ விஷன் ரிசர்ச் ஃபவுண்டேஷன். மதுரை அரவிந்தில் ஆராய்ச்சிக்கென்று அரவிந்த் மெடிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தனியாக இருக்கிறது. ஐதராபாத் எல்.வி. பிரசாத்தில் ஹைதராபாத் ஐ ரிசர்ச் ஃபவுண்டேஷன். ஆஸ்பத்திரியின் பொதுக் கணக்கில் போட்ட பணம் நல்ல வழியில்தான் செலவாகும், ஆனால் சிகிச்சைக்குச் செலவாகும். ஆராய்ச்சிக்கு என்றால் எந்த டிரஸ்ட், அதன் பான் எண் என்ன, எந்த வங்கிக் கணக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் டி.எஸ்.ஐ.ஆர். துறை ஆராய்ச்சி நிறுவனமாக அங்கீகரித்த கடிதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மருந்து சோதனை என்றால், மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண் கேட்கலாம். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் எத்தனை பேர், எங்கே, எந்தக் கேள்விக்கு என்று எல்லாம் வெளியே தெரியும்.

பணத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். நீளம் வேண்டாம், இந்த அளவு போதும்:

"இத்துடன் அனுப்பியுள்ள 1,50,000 ரூபாய், வயது காரணமான மாக்குலா நோய் ஆய்வில் சேர்ந்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நோயாளிகளும் அவர்களுடன் துணைக்கு வருபவர்களும் மறுபரிசோதனைக்கு வந்து போகும் செலவுக்கு மட்டும். இது மூலநிதி அல்ல. மூன்று ஆண்டில் மீதமிருந்தால் வேறு விழித்திரை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம். ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு இருப்பு என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பக் கோருகிறோம்."

மீதத்தைப் பற்றிய அந்த வரியை எழுத மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆய்வு பாதியில் நின்றபோது பணத்தைத் தொடவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் நிறுவனம் திண்டாடும்.

வரிக்கழிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 80ஜி பதிவு பெற்ற டிரஸ்ட் என்றால் பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்குக் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்புக்குள். அறிவியல் ஆராய்ச்சிக்கென்று தனி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால் 80ஜிஜிஏ-வில் முழுத் தொகைக்கும். வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு இது கிடையாது, அவர்களுக்கு 35-ஆம் பிரிவு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி, 80ஜிஜிஏ இரண்டுமே இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போச்சு. இவை பழைய 1961 சட்டத்தின் எண்கள்; 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடைமுறையில் அடிக்கடி நேரும் தவறு வேறு: பணம் மகன் கணக்கிலிருந்து போகும், ரசீது காலமான அப்பா பெயரில் கேட்பார்கள். ரசீது, பணம் கொடுத்தவர் பெயரிலும் பான் எண்ணிலும்தான் இருக்கணும். "இன்னார் நினைவாக" என்பதைக் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்புவதாக இருந்தால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டவர் கணக்குத்தான். அந்தப் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள நிறுவனத்தின் டில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வர வேண்டும். சாதாரணக் கணக்கில் போட்டுவிட்டால் நிறுவனத்தின் பதிவுக்கே ஆபத்து.

ஓசூர் கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று சட்டப்படி ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. மார்ச் மாதம் நெருங்கியதும் செலவழித்தாக வேண்டும் என்று ஓடி வருவார்கள். ஆராய்ச்சி மார்ச்சுக்குள் முடியாது. சட்டத்திலேயே 'தொடர் திட்டம்' என்று அறிவிக்க வழி உண்டு. தொடங்கிய வருடம் போக மூன்று வருடம் கிடைக்கும். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் மாற்ற வேண்டும். வாங்கும் நிறுவனத்துக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு வேண்டும். ஆகவே ஜூன், ஜூலையில் பேச்சைத் தொடங்குங்கள். தனியார் டிரஸ்டின் ஆராய்ச்சி எந்த இனத்தில் வரும் என்பதை கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையோடு ஒப்பிட்டு கம்பெனி செக்ரட்டரியிடம் முன்பே எழுதி வாங்கிவிடணும்.

"ஆராய்ச்சி" என்ற பெயரில் நோயாளியிடமே பணம் கேட்டால் அங்கே நிற்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மாக்குலா முளைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவது எல்லாம் இந்த ரகம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் தலா 5,000 டாலர் கட்டி, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டு பார்வை இழந்த விவரம் 2017-ல் மருத்துவ இதழில் வந்தது. உண்மையான ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள்: 2014-ல் ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு கண்ணில் வைத்தார்கள். அடுத்தவருக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத் தெரிந்தவர்களிடம்தான் பணத்தை நம்பிக் கொடுக்கலாம்.

"பலன் இல்லை" என்று அறிக்கை வந்தால் மனம் உடைய வேண்டாம். வைட்டமின் மாத்திரை ஆய்வில் 2001-ல் நல்ல செய்தி வந்தது: நோய் நடுநிலையில் இருப்பவர்களுக்கு, முற்றும் அபாயம் ஐந்து வருடத்தில் கால்வாசி குறைந்தது. 2013-ல் வந்த அடுத்த ஆய்வு, அதோடு மீன் எண்ணெய் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்றது. முன்பு இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டின் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் போடலாம் என்றும் சொன்னது. பீட்டா கரோட்டின் புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது தெரிந்திருந்தது. "மீன் எண்ணெய் வேண்டாம்" என்ற அந்த ஒரு பதில் எத்தனை வீட்டில் மாதா மாதம் மருந்துக்கடைச் செலவை மிச்சப்படுத்தியிருக்கும்!

பணமே இல்லாமல் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பணத்தால் வாங்க முடியாததும் அதுதான். எலிக்கு மாக்குலா கிடையாது. பாலூட்டிகளில் குரங்கினத்துக்கும் மனிதனுக்கும்தான் உண்டு. ஆகவே நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க இறந்தவர் தானம் செய்த கண்ணை விட்டால் வேறு வழி குறைவு. மாக்குலா நோய் இருந்தவரின் கண் ஆராய்ச்சிக்கு இன்னும் மதிப்பானது. அவருடைய கருவிழி நன்றாக இருந்தால் அது வேறு இருவருக்கு வைக்கவும் ஆகும். புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர், கண்ணாடி போட்டவர் எல்லோரும் கொடுக்கலாம்.

உயிலில் எழுதி வைத்தால் பயன் இல்லை. உயிலைப் பிரிப்பதற்குள் ஆறு மணி நேரம் தாண்டிவிடும். வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். உயிர் பிரிந்ததும் ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைத்துவிட்டு, உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். எடுக்க 20 நிமிடம் போதும், கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். பல இடங்களில் இப்போது கருவிழியை மட்டும் எடுத்துப் போகிறார்கள். விழித்திரை உள்ளேயே நின்றுவிடும். ஆராய்ச்சிக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்பினால், "முழுக்கண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆராய்ச்சிக்கும் சம்மதம்" என்று போனிலேயே சொல்லி, படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விழித்திரை சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும் என்பதால், எந்த ஆய்வகம் முழுக்கண்ணை வாங்கிக்கொள்ளும் என்பதைப் பக்கத்துக் கண் வங்கியில் இப்போதே கேட்டு, அந்த நம்பரைக் காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.